அப்பாண்டை குடிக்காத நாள்

காஞ்சிபுரத்தில் அப்பாண்டையைப் பற்றிக் கதை சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. அவன் இடது காலால் அடித்த பந்து கோல் கம்பத்தை இரண்டாக முறித்தது என்பார்கள். கம்பத்தைக் கரையான் அரித்திருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அவன் அடித்த பந்தை மார்பில் வாங்கிய கோல்கீப்பர் மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான் என்பார்கள். அந்தக் கோலி அவன் பழைய கூட்டாளி மயில்வாகனம்தான். அவனே இந்தக் கதையைச் சொல்லுவான், ஒவ்வொரு முறையும் ஒரு நாளைக் கூட்டி.

மதனவதிக்கு எல்லாக் கதையும் தெரியும். பதினாறு வருஷமாக அவள் அப்பாண்டையின் மனைவி. ஊர் கதையைச் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். கதாநாயகன் அவள் வீட்டுக்கு வருவான், பாதி நாள் பிறத்தியார் தோளில்.

அவன் மாகறல் சமணக் குடும்பத்துப் பிள்ளை. தோல் பந்து வாசற்படி தாண்டக்கூடாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். பந்து வைக்கோல்போரில் படுத்துக்கொண்டது. தோல் செருப்பும் கூடாது. ஆகவே வெறுங்காலில் ஆடினான். பின்னால் பத்திரிகைக்காரர்கள் 'வெறுங்கால் வேங்கை' என்று பட்டம் கொடுத்தார்கள். வேங்கைக்கு அப்பாவிடம் பயம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாட்டுத் தோலைக் காலில் போட்டால் பாவம், காலால் உதைத்தால் மட்டும் புண்ணியமா என்று கல்யாணமான புதிதில் மதனவதி மாமனாரிடம் கேட்டாள். அதற்கப்புறம் அவர் அவளிடம் அதிகம் பேசவில்லை.

பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு மில் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. இருபத்திரண்டில் மாநில அணி. கல்யாணமான மறு வருஷம் கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப். அங்கே பூட்ஸ் கட்டாயம். பூட்ஸ் போட்ட வருஷமே ஆட்டுக்கறி தின்றான். கறி தனியாக இறங்காது என்று பிராந்தியும் குடித்தான். மைதானம் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெயர் வாயில் நுழையாததால் 'ஆப்பாந்தா, ஆப்பாந்தா' என்று கத்தினார்களாம். இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கும். வேறெதற்கும் அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் தந்தி வரும். கடிதம் என்றால் அவனே எழுத வேண்டும். தந்தியைக் கிளப் ஆள் அடித்துவிடுவான். 'இரண்டு கோல்.' 'ஒரு கோல், வெற்றி.' அவள் இருந்த பிள்ளையார்பாளையத்தில் தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டால் அந்தத் தெருத் தறிகள் நிற்கும். நெசவாளர்கள் எழுந்து வந்து அவள் படிப்பதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அறுபதாம் வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்தது. அன்று மாலை ஒரு தந்தி வந்தது. தான் கொடுத்த தந்திக்குப் பதில் என்று நினைத்துப் பிரித்தாள். 'மூன்று கோல். கோப்பை நமக்கு.' இரண்டு தந்திகளும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. அவன் மேல் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தெருக்கோடியிலிருந்து வந்த ஒருவன், விஷயம் தெரியாமல், எத்தனை கோல் என்று கேட்டான். மூன்று என்று அவள் சொன்னாள்.

அறுபத்திரண்டில் இந்திய அணிப் பயிற்சி முகாமுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். முகாம் தொடங்கிய அன்று அவன் ஹோட்டல் அறையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். மஞ்சள் காமாலை என்று ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார்கள். ஊரில் இன்றைக்கும் அந்தக் காமாலையைத் திட்டுகிறவர்கள் உண்டு. மறு வருஷம் முழங்கால் போயிற்று. அதற்கு மறு வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து, நகராட்சிப் பள்ளியில் டீச்சராக இருந்த மனைவியின் வீட்டில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதன் பிறகு அவன் செய்த ஒரே உத்தியோகம் குடிப்பது. மதுவிலக்கு இருந்தவரை பாலாற்று மணலில் ஒளிந்து குடித்தான். எழுபத்தொன்றில் அரசாங்கமே கடை திறந்தது. தெருவோடு நடந்து போய்க் குடித்தான். கடையில் அவனிடம் காசு கேட்க மாட்டார்கள். கம்பம் முறிந்த கதையை ஒரு தரம் சொன்னால் போதும்.

எழுபத்திரண்டு ஆடியில் அவனுடைய இடது காலில் ஒரு கொப்புளம் வந்தது. புரட்டாசி வரை ஆறவில்லை. சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

"குடிச்சா உயிருக்கு ஆபத்து" என்றார்.

அப்பாண்டை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு முன்னாடி இந்தக் காலை எடுக்க வேண்டி வரும்."

அப்பாண்டை டாக்டரைப் பார்த்தான்.

உயிர் போகும் என்றபோது அசையாதவன், கால் போகும் என்றதும் குடியை விட்டான்.

விட்டதையும் சும்மா விடவில்லை. புண் ஆறியதும் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போய், வர்த்தமானர் முன்னால் விரதம் எடுத்துக்கொண்டான். மது இல்லை, மாமிசம் இல்லை, சூரியன் விழுந்தபின் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படாது. ஊரெல்லாம் சொன்னான். குடித்தபோதும் ஊருக்குத் தெரிய வேண்டும், விட்டபோதும் ஊருக்குத் தெரிய வேண்டும். நாளை விரல்விட்டு எண்ணினான். "முப்பத்தி ரெண்டாச்சு மதனா." "அறுபதாச்சு மதனா." கோல் எண்ணிப் பழகின வாய்.

மதனவதி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தாள். அவன் சிறுநீரைச் சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினாள். பச்சையில் நின்றால் பரவாயில்லை, செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது என்று டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. மகா விரதக்காரனுக்குத் தினம் இரண்டு வேளை மாட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட மனசு உறுத்தவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஊசி போட்ட அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். அப்படி ஆனால் யோசிக்காமல் இனிப்பாக எதையாவது வாயில் போட வேண்டும். அவள் மாலை ஊசியை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டாள். ஐந்தேகாலுக்குச் சாப்பாடு. ஆறுக்குச் சூரியன் விழும். விரதமும் மருந்தும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் ஓடின.

இடித்தது நாலு மணிதான். நாலு மணி அடித்தால் அவனால் வீட்டில் இருக்க முடியாது. மைதானத்துக்கு வேடிக்கை பார்க்கப் போவான். அங்கே பழைய சிநேகிதர்கள் தோளில் கை போடுவார்கள். தோளில் விழுந்த கை எங்கே கூட்டிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, இருபது பையன்களை ஓடவிடும் வேலையை யாராவது கொடுத்தால் அவன் பிழைப்பான். இல்லையென்றால் பங்குனி தாண்டாது.

பட்டு வியாபாரி கைலாசம் நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்தது. மதனவதி போய்க் கேட்டாள். அதுவரை அவள் யார் வீட்டுக்கும் போய் எதையும் கேட்டதில்லை.

"குடுக்கலாம் டீச்சரம்மா. ஆனா கமிட்டி பயப்படுது" என்றார் கைலாசம். "பசங்க படிக்கிற எடம். தள்ளாடிக்கினு வந்து நின்னாருன்னா?"

"விட்டுட்டாருங்க. மூணு மாசம் ஆவப் போவுது."

"நீங்க சொல்றீங்க. ஊரு சொல்லணுமே. ஒண்ணு பண்ணுவோம். தையில அவருக்கு ஒரு பாராட்டு விழா வெப்போம். ஊரு முன்னாடி நிதானமா நிக்கட்டும். அந்த மேடையிலயே ஆர்டரை நான் கையில குடுத்துடறேன். ஆச்சா?"

விழாவுக்கு மயில்வாகனம் செயலாளர். கோலியாக இருந்தபோது எதையும் பிடிக்காதவன், இப்போது எல்லோர் கையையும் பிடித்து நோட்டீஸ் கொடுத்தான்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டார்கள். நாலு மணிக்குக் காட்சி ஆட்டம். அப்பாண்டை பத்து நிமிஷம் ஆடினான். முப்பத்தொன்பது வயது, தொந்தி, ஒரு முழங்கால். ஒரே ஒரு பந்தை இடது காலால் வளைத்து அடித்தான். மூலைக்குப் போனது. கோலியாக நின்ற பள்ளிப் பையன் வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்பது மதனவதிக்கே தெரிந்தது. ஊர் எழுந்து நின்று கத்தியது.

ஐந்து மணிக்கு அறிவியல் கூடத்தில் அவனை உட்கார வைத்து ஊசி போட்டாள். வெளியே கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவன் முகம் பையன் முகம் மாதிரி இருந்தது. அவள் டிபன் கேரியரை எடுத்தபோது மயில்வாகனம் ஓடி வந்தான்.

"அண்ணி! எம்.எல்.ஏ. கார் வந்துட்டுது. அண்ணன் மேடையில இருக்கணும்பா. எந்திரிண்ணா, எந்திரி!"

"அவரு சாப்பிடணும்."

"ஒரு பத்து நிமிசம் அண்ணி. மாலையைப் போட்டுட்டு மேடைக்குப் பின்னால இட்டாந்து நானே ஊட்டி உடறேன். போதுமா? அதை இப்படிக் குடு."

கேரியரை அவனே வாங்கிக்கொண்டான். அப்பாண்டை அதற்குள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பசியா கைதட்டலா என்றால் அவன் எப்போது பசியைத் தேர்ந்தெடுத்தான்? மதனவதியும் தடுக்கவில்லை. அந்த மேடையில்தான் ஆர்டர் இருந்தது.

அவள் போய்ப் பெண்கள் வரிசையில் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி அருகே உட்கார்ந்தாள். மேடையில் மாலைகள் விழுந்தன. கைலாசத்தின் சட்டைப் பையில் பழுப்பு உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அப்பாண்டைக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார்.

தையல்நாயகி தறிக்காரி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "டீச்சர், கரையும் உடம்பும் சேர்ற எடத்துல பிரிஞ்சுக்கினு இருக்குது பாரு. விக்காத சரக்கு. ஒங்க வூட்டுக்காரர் தோள்ல தள்ளிட்டாரு."

"ஆளுக்கேத்த துணிதான்" என்றாள் மதனவதி.

ஐந்தேகால் வாக்கில் அப்பாண்டை எழுந்து மயில்வாகனத்தோடு மேடைக்குப் பின்னால் போனான். பழைய ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் எழுந்து பின்னாலேயே போனார்கள். பத்து நிமிஷம் கழித்து எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். சாப்பிட்டுவிட்டான் என்று மதனவதி நினைத்தாள். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டாள்.

எம்.எல்.ஏ. பேசினார். "நமது கிரிக்கெட் மாவீரர்" என்று ஆரம்பித்தார். யாரோ காதில் சொன்னார்கள். "எல்லாம் பந்துதானே" என்று சமாளித்தார். அதற்கும் கைதட்டினார்கள். கம்பம் முறிந்த கதையை மயில்வாகனம் சொன்னான். தான் மூர்ச்சையான கதையையும் சொன்னான். இந்தத் தடவை ஏழு நாள். ஆறு மணி அடித்தது. டியூப் லைட்டுகள் எரிந்தன. மேடைக்குப் போண்டாவும் காப்பியும் வந்தன. அப்பாண்டை முன்னால் வைத்த தட்டைக் கைலாசம் தன் கையாலேயே எடுத்து அப்பால் வைத்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இங்க ஒண்ணு கவனிக்கணும். நம்ம அப்பாண்டை நைனார் விளக்கு வெச்சப்புறம் ஒரு வாய் சாப்பிட மாட்டார். பசியே ஆனாலும் மாட்டார். அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு! பசங்களா, இதைத்தான் கத்துக்கணும்."

சாப்பிடாததற்காக ஊர் கை தட்டியது. அப்பாண்டை கும்பிட்டான். கும்பிட்ட கைகள் ஒன்றோடொன்று சேராமல் விலகிப் போயின.

அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் மேஜையைப் பிடித்தான். மேஜை விரிப்பு சரிந்து ஒரு தண்ணீர்க் குவளை உருண்டது. மைக் முன்னால் நின்று சிரித்தான். "மூணு கோல்" என்றான். "மூணு... கோப்பையை எங்க வெச்சீங்க?" நாக்கு தடித்துப் போயிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மைக் கம்பியைப் பிடித்தான். கம்பியும் அவனும் சேர்ந்து ஆடினார்கள்.

முதலில் பின்வரிசை சிரித்தது.

"போட்டுக்கினு வந்துட்டாருடா வாத்தியாரு!"

"நல்ல நாள் பாத்து ஏத்திக்கினான் பாருப்பா."

"கம்பத்தை உட்டுட்டு மைக்கை முறிக்கப் போறாரு!"

தையல்நாயகி மதனவதியின் கையைத் தொட்டாள். மதனவதி கையை இழுத்துக்கொண்டாள். மேடைக்குப் பின்னால் பத்து நிமிஷம். பழைய சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர். சிரித்துக்கொண்டே திரும்பியது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இதற்கா ஊசி போட்டேன், இதற்கா ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றேன் என்று நினைத்தாள். அவமானம்கூட இல்லை. பழகிப்போன ஒரு வெறுப்பு, வீட்டுச் செருப்பைப் போல, சரியாகக் காலில் வந்து பொருந்தியது. எழுந்தாள். மைதானத்தின் வெளிவாசலைப் பார்த்து நடந்தாள்.

கைலாசம் பையிலிருந்த உறையை விரலால் உள்ளே தள்ளிவிட்டு மேல்துண்டை இழுத்து மூடிக்கொள்வதை அவள் நடந்துகொண்டே பார்த்தாள்.

அதுதான் அவளைத் திருப்பியது. நாலு மாதம் அவள் பட்ட பாடு அந்த உறைக்குள் இருந்தது. போகிறதுதான் போகிறது, ஊரறிய அவன் வாயை மோந்து பார்த்துவிட்டு, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று மேடைப் படியேறினாள். அப்பாண்டையை நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். குனிந்தாள். மாலைப்பூ வாசனை. வேர்வை வாசனை. வேறெதுவும் இல்லை.

தை மாதக் குளிரில் அவன் சட்டை பிழிந்தால் சொட்டும்படி நனைந்திருந்தது. கை விரல்கள் தறி நாடா மாதிரி இங்குமங்கும் ஓடின. மேஜைக்குக் கீழே டிபன் கேரியர் இருந்தது. தூக்கினாள். கனத்தது.

"சாப்பிடலியா இவரு?"

மயில்வாகனம் விழித்தான். "போட்டோக்காரன் வந்துட்டான் அண்ணி. பழைய டீமெல்லாம் நின்னோம். அப்பறம்... அதுக்குள்ள இருட்டிப் போச்சே. இருட்டுனப்புறம் குடுக்கலாமா? அண்ணன் விரதமாச்சே."

எம்.எல்.ஏ. முன்னால் ஒரு கலர் சோடா பாட்டில் இருந்தது. பாதி குடித்தது. அவள் அதை எடுத்தாள். எம்.எல்.ஏ. வாயிலிருந்த உறிஞ்சுகுழல் வாயிலேயே நின்றது.

"வாயத் தொறங்க."

அப்பாண்டை டியூப் லைட்டைப் பார்த்தான். "விளக்கு... வெச்சுட்டாங்க மதனா." பல்லைக் கடித்துக்கொண்டான். கல்கத்தாவில் எதற்கும் மூடாத வாய் இப்போது ஊர் பார்க்க மூடிக்கொண்டது.

"சர்க்கரைத் தண்ணிதான். தொறங்க."

தலையை ஆட்டினான். கண் செருகியது.

மதனவதி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். மைக் பக்கத்திலேயே இருந்தது. "தொறடா வாயை!" என்று அவள் சொன்னது மைதானத்தின் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. வாய் திறந்தது. ஊற்றினாள். பாதி சட்டையில் போனது, பாதி உள்ளே போனது. எம்.எல்.ஏ.யின் டிரைவர் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தான். அதையும் ஊற்றினாள்.

கால்மணியில் அவன் கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தான். நிதானமாக, தெளிவாகக் கேட்டான்: "மணி என்னா?"

அதற்குள் பந்தல் பாதி காலியாகிவிட்டது. கலைந்தவர்கள் இரண்டு செய்தியோடு போனார்கள். அப்பாண்டை விழாவுக்கே குடித்துவிட்டு வந்தான். பெண்டாட்டி மேடையில் ஏறி 'டா' போட்டு அறைந்தாள். இந்த இரண்டைவிட ருசியான மூன்றாவது எதுவும் அந்த ஊருக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை மதனவதி டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, கணவனையும் அழைத்துக்கொண்டு கைலாசம் வீட்டுக்குப் போனாள். கைலாசம் பட்டுப்புடவைகளுக்கு நடுவே மெத்தையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"சர்க்கரையா?"

"ஆமா. குடிக்கலை. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாததால வந்த மயக்கம்."

"அடடா." கடிதத்தை மடித்தார். "இதை ஏம்மா கொண்டாந்தீங்க? இதைப் பாத்தா நான் வேலை குடுக்க முடியாதே."

"ஏன்?"

"இது கவர்மென்ட் உதவி வாங்குற ஸ்கூலு. உடம்பு தகுதி சர்டிபிகேட் வேணும். ஊசி போட்டுக்கினு மயங்கி வுழற ஆளைப் பசங்களோட ஓட உட்டேன்னா மேலேருந்து என்னைக் கேப்பாங்க. வியாதின்னு எழுத்துல வந்துட்டா முடிஞ்சுது."

"குடின்னா?"

"குடின்னா அது ஒழுக்கம். ஒழுக்கம் கமிட்டி பாத்துக்கற சமாச்சாரம்." கைலாசம் அவள் பக்கம் சாய்ந்தார். "நேத்து குடிச்சுட்டேன், தப்பு, இனிமே தொட மாட்டேன்னு அவர் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் குடுக்கட்டும். கமிட்டி பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடும். ஊருக்கே தெரிஞ்ச மனுசன், குடிக்காம இருப்பாரா? அடுத்த திங்கக்கிழமை வந்து சேந்துக்கலாம். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

டாக்டரின் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதனவதி பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதி முடித்து அவன் முன்னால் வைத்தாள். கைப்பட என்று கைலாசம் சொன்னதற்கு, அடியில் அவன் கையெழுத்து ஒன்று போதும்.

அப்பாண்டை படித்தான். "நான் குடிக்கலியே மதனா."

"அதனால என்னா? குடிச்ச அன்னிக்கெல்லாம் குடிக்கலன்னு சொன்னீங்களே. ஒரு நாளைக்கு மாத்திச் சொல்லுங்க."

"நூத்திப் பதினாலு நாள் ஆச்சு." விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இதுல போட்டா அது போயிடும்."

"யாருக்கு வேணும் அது? கோப்பையா குடுக்கப் போறாங்க?"

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நேத்து மேடையில நான் ஆடிக்கினு நின்னேனே. அப்ப நீ எங்க இருந்தே?"

"லேடீஸ் பக்கம்."

"எந்திரிச்சு வாசப் பக்கம் போனியாமே. மயில்வாகனம் சொன்னான்."

மதனவதி பேனாவைப் பார்த்தாள்.

"திரும்பி வந்து வாயை மோந்து பாத்தே. அப்பத் தெரிஞ்சுது உனக்கு, குடிக்கலன்னு. அதுக்கு முன்னாடி?"

பொய் சொல்ல அவளுக்குத் தெரியும். மாட்டைப் பற்றி நாலு மாதமாகப் பேசாமல் இருந்தவள்தான். இதற்கு மட்டும் ஒன்று வாயில் வரவில்லை. அவனுடைய பதினாறு வருஷத்தையும் அடுக்கிக் காட்டி, நான் வேறெப்படி நினைப்பேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அவள் கேட்கவில்லை.

"போவட்டும் உடு" என்றான் அப்பாண்டை. "நீயே நம்பல. ஊரு நம்புறதுக்கு என்னா வந்தது." பேனாவை வாங்கி, கல்கத்தாவில் போட்டுப் பழகிய மாதிரி, அடியில் ஒரு கோடிழுத்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். "கொண்டுபோயிக் குடு. நாலு மணிக்கு விசில் ஊதறேன்."

அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தான். கமிட்டியின் பெரிய மனசைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. பையன்கள் அவனுக்கு 'சாராய சார்' என்று பேர் வைத்தார்கள். அவன் ஓடவிட்டான், ஓடினார்கள். மதனவதியின் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, "அடிச்சாவது திருத்தப் பாக்குறியே டீச்சர், நீ தெய்வம்" என்றார்கள். அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டாள்.

வேலை நாலு முதல் ஆறு வரை. ஐந்து மணி ஊசியையும் ஐந்தேகால் சாப்பாட்டையும் இனி யாரை நம்பியும் விட முடியாது. ஊசி போடுவது பள்ளிக்கூடத்துக்குத் தெரியவும் கூடாது. நாலே முக்காலுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மைதானத்துக்குப் போனாள். பந்து வைக்கும் அறையில் அவனை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். ஊசி போட்டாள். அவன் இட்லியைத் தின்று முடிக்கும் வரை நின்றாள். கடைசி விள்ளலை அவன் வாயில் போட்டுக்கொண்டு விசிலை எடுத்துக்கொண்டு போனான்.

அறையை விட்டு வெளியே வந்தபோது வாட்ச்மேன் துரைக்கண்ணு வாசலில் நின்றிருந்தார். வயதானவர். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"தினம் வந்து வாயை ஊதச் சொல்லி மோந்து பாக்குறியாம்மா? அதான் கதவைச் சாத்திக்கிறியா?"

மைதானத்தில் அப்பாண்டை ஒரு பையனின் இடது காலைக் கையில் பிடித்து எங்கே பந்து படவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். மதனவதி பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"ஆமா" என்றாள். "ஆளை நம்ப முடியுதா?"

துரைக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.